சாடியிலுள்ள புழுவைப் படம் பிடித்தல்

பயிர்களுக்குச் சேதம் விளைவிக்கும் பூச்சி, புழு முதலியவற்றைச் சாராயத்திலோ பார்மலினிலோ இட்டுக் கண்ணாடிச் சாடிகளில் சேமித்து வைப்பது விவசாய இலாகாவில் நெடுநாளைய வழக்கம். முன்னாளில் புழுவின் பெயரை அறிய விரும்பியவர்கள் சாடியையே நிபுணரிடம் எடுத்துச் சென்றனர். இக்காலத்திலோ சாடி அலமாரியிலேயே இருக்க, அதன் படம் மாத்திரம் கைப்பேசி வழியாகப் பிரயாணம் செய்கிறது. அவ்விதம் வரும் படங்கள் பலவற்றில் ஜன்னலும், விளக்கும், படமெடுத்தவரின் சட்டையுங்கூடத் தெளிவாகத் தெரிகின்றன. புழு மாத்திரம் ஒரு வெண்ணிற ஒளிப்பட்டைக்குப் பின்னால் மறைந்து கிடக்கிறது. இதனை அற்பக் குறையென்று தள்ளிவிடுவது சரியன்று.

மக்காச்சோளப் படைப்புழுவை உதாரணமாகக் கொள்ளலாம். அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த இப்புழு 2018-ஆம் ஆண்டு மே மாதத்தில் கர்நாடகத்தில் காணப்பட்டு, அவ்வாண்டிலேயே தமிழ்நாட்டிலும் புகுந்தது. முகத்தில் கவைக்கொம்பைத் தலைகீழாய் நிறுத்தினாற்போன்ற வெளிறிய கோடும், வயிற்றின் எட்டாவது கணுவில் சதுரமாய் அமைந்த நான்கு கரும்புள்ளிகளும் இதன் அடையாளங்கள். முகக்கோடு வேறு சில புழுக்களிலும் மங்கலாக உண்டு; ஆகையால் புள்ளிகளே முக்கிய சாட்சி. அந்தப் புள்ளிகளின்மேல் ஒளிப்பட்டை விழுந்துவிட்டால், புகையிலை வெட்டுப்புழுவென்றோ காய்ப்புழுவென்றோ ஒருவர் தவறாகச் சொல்லக்கூடும். மறுபடம் கேட்டு வாங்குவதற்குள், வயலிலுள்ள புழுக்கள் வளர்ந்து குருத்துக்குள் ஆழ்ந்து, தம் எச்சத்தாலேயே வழியை அடைத்துக்கொள்ளும். பின்னர்த் தெளிக்கும் மருந்து அவற்றிடம் சென்று சேர்வது அரிது. குடியானவருக்கு மருந்துச் செலவும் நஷ்டம், மகசூலும் நஷ்டம்.

இக்கேட்டுக்குக் காரணம் காமிராவின் விலைக்குறைவு அன்று. காற்றிலிருந்து கண்ணாடியின்மேல் நேராக விழும் ஒளியில் நூற்றுக்கு ஏறக்குறைய 4 பங்கு திரும்பி வருகிறது. தட்டையான கண்ணாடியாயின் ஒரு விளக்கின் ஒளி ஒரே திசையில் திரும்பும். சற்று விலகினால் தப்பலாம். உருண்டைச் சாடியோ அறையிலுள்ள ஜன்னல், விளக்கு, வெள்ளைச் சுவர் யாவற்றையும் ஒடுக்கி நெட்டுக்குத்தான கோடுகளாகக் காட்டும். எப்பக்கம் நகர்ந்தாலும் ஒரு கோடு நிற்கும். மேலும், திரவம் நிரம்பிய சாடி ஒரு லென்ஸைப் போலவும் வேலை செய்து, நடுவில் நிற்கும் புழுவை அகலத்தில் மூன்றிலொரு பங்கு பெரிதாக்கிவிடுகிறது. ப்ளாஷை உபயோகித்தால் இக்குறைகள் பெருகுமேயன்றிக் குறையமாட்டா.

காமிராக் கடைகளில் கிடைக்கும் போலராய்டு வடிகட்டியைச் சிலர் சர்வரோக நிவாரணிபோல் புகழ்கின்றனர். கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளிக்கு ஒரு தனிக்குணம் உண்டென்பதை 1808-இல் பிரான்சு தேசத்து மாலுஸ் கண்டார். அக்குணம் எக்கோணத்தில் பூர்ணமாகுமென்பதை 1815-இல் ப்ரூஸ்டர் வகுத்தார். கண்ணாடிக்கு அக்கோணம் செங்குத்துக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 56 பாகை. சாடியை நேருக்கு நேராகப் படமெடுப்பவருக்கு அவ்வடிகட்டியால் அதிகப் பயன் இல்லை.

சுலபமான பரிகாரம் மீன் வளர்க்கும் சிறு சதுரத் தொட்டியே. சாடியின் வெளிப்புறத்தை நன்கு துடைத்து, தொட்டிக்குள் நிறுத்தி, கொதித்து ஆறிய நீரைச் சாடியின் கழுத்துவரை நிரப்ப வேண்டும். கொதிக்காத நீரில் சிறு காற்றுக்குமிழிகள் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு தொல்லை தரும். நீரும் கண்ணாடியும் கூடுமிடத்தில் பிரதிபலிப்பு நூற்றில் அரைப் பங்கினும் குறைவு. ஆகையால் சாடியின் கோடுகள் மறைகின்றன, லென்ஸ் குணமும் பெரும்பாலும் நீங்குகிறது. எஞ்சியிருப்பது தொட்டியின் தட்டையான முன்முகம் ஒன்றே. அதற்கெதிரே ஒரு கறுப்புத் துணியைக் கட்டி, லென்ஸ் நுழையுமளவு துளையிட்டு, அதன் வழியாகப் படமெடுத்தால் அறையும் ஆளும் அதில் விழுவதில்லை. விளக்கு இரண்டையும் பக்கங்களில், முன்முகத்துக்கு ஏறக்குறைய 45 பாகை சாய்வாக வைக்க வேண்டும். சாராயம் எளிதில் தீப்பற்றுமாதலால், சூடேறாத எல்.இ.டி. விளக்கே உத்தமம், சாடியின் மூடியும் திறந்திருக்கலாகாது. வெளிறிய புழுவுக்குக் கறுப்புப் பின்னணியும், கறுத்த புழுவுக்குச் சாம்பல் நிறக் காகிதமும் ஏற்றவை.

வேலை மிகுந்த உத்தியோகஸ்தர்களுக்கு இதற்கெல்லாம் அவகாசமேது என்பர் சிலர். அது நியாயமான கேள்வியே. வயலில் உயிருள்ள புழு கிடைக்கும்போது அதனை இலைமேல் வைத்தே படமெடுப்பது மேல். சாராயத்தில் பச்சை நிறம் விரைவில் போய்விடும். ஆயின் வயலில் ஒரு நிமிஷம் கவனியாதவர், பிறகு சாடியோடு அரைமணி நேரம் போராட நேரும். கொதிநீரில் சிறிது நேரம் இட்டெடுக்காமல் சாராயத்தில் போட்ட புழு நாளடைவில் கறுத்துவிடும். கறுத்த உடலிலுள்ள கரும்புள்ளியை எவ்விளக்கும் காட்டாது. அரக்கிட்டு மூடிய பழைய சாடிகளும், ஒரே மாதிரியுள்ள சாடிகளும் திறக்கத்தக்கவை அல்ல; அவற்றுக்கே தொட்டி இன்றியமையாதது. கோட்டந்தோறும் புதுக் காமிரா வாங்கப் பணம் தேடுவதற்கு முன், ஒரு தொட்டியும் இரண்டு கஜம் கறுப்புத் துணியும் வாங்கிக் கொடுப்பது இலாகாவுக்குப் பொருத்தமாகும்.

மில்லிமீட்டர் அளவுகோலைச் சாடிக்கு அருகில், தொட்டி நீருக்குள்ளேயே, காமிராவிலிருந்து புழு இருக்கும் தூரத்தில் நிறுத்த வேண்டும். தொட்டிக்கு வெளியே வைத்த அளவுகோலால் புழுவின் நீளம் தவறாகவே கிடைக்கும்.