விசுவாசமும் ஏலமும்

சென்னை சூப்பர் கிங்ஸ் கோஷ்டியின் ரவீந்திர ஜடேஜா 2025 நவம்பரில் ராஜஸ்தான் ராயல்ஸுக்கு மாற்றப்பட்டு, சஞ்சு சாம்சன் சென்னைக்கு வந்தது முதல் ‘விசுவாசம்’ என்னும் சொல் நமது ஜில்லாவில் வெகுவாக அடிபடுகிறது. காட்பாடி ஜங்ஷன் பிளாட்பாரத்தில் ஒரு சாரார் ஆட்டக்காரரை நன்றி மறந்தவர் என்கின்றனர். மற்றொரு சாரார் முதலாளிகளை நிந்திக்கின்றனர். இரு சாராரும் விதிகளைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஜடேஜாவின் சரித்திரத்தையே பார்ப்போம். 2010-ல் வேறொரு கோஷ்டியுடன் நேரில் பேரம் பேச முயன்றார் என்று ஐ.பி.எல். நிர்வாகிகள் அவரை ஒரு வருஷம் ஆடவொட்டாமல் தடுத்தனர். 2012 ஏலத்தில் சென்னையும் ஹைதராபாத்தும் உச்ச வரம்பாகிய 20 லட்சம் டாலரை எட்டிவிட, இரகசியச் சீட்டில் அதிகத் தொகை எழுதிய சென்னைக்கு அவர் கிடைத்தார். அந்த அதிகத் தொகை யாருக்குப் போயிற்று? ஆட்டக்காரருக்கன்று, கிரிக்கெட் போர்டுக்கு! பிறகு, சென்னைக் கோஷ்டி விலக்கப்பட்டிருந்த 2016, 2017 நீங்கலாக, அவர் இங்கேயே ஆடினார். மாற்றத்தின்போது அவருடைய ஊதியம் ரூ. 18 கோடியிலிருந்து ரூ. 14 கோடியாகக் குறைந்தது. கோடிகளில் புரள்பவருக்காக நாம் கண்ணீர் வடிக்கவில்லை. விதியின் நியாயத்தையே கேட்கிறோம்.

ஊதிய வரம்பு கூடாதென்பது நமது அபிப்பிராயமன்று. 2025-க்கான பெரிய ஏலத்தில் ஒவ்வொரு கோஷ்டிக்கும் ரூ. 120 கோடி என்று எல்லை வகுத்திராவிடில், பணம் படைத்த இரண்டொருவரே நல்ல ஆட்டக்காரர் அனைவரையும் வளைத்துக் கொண்டிருப்பர். ஆஸ்திரேலியாவின் ரக்பி லீக் பந்தயத்தில் மெல்போர்ன் ஸ்டார்ம் கோஷ்டி வரம்பை மீறி இரகசியமாக ஊதியம் கொடுத்து வந்தது 2010-ல் அம்பலமாயிற்று. 2007, 2009 வெற்றிப் பட்டங்கள் பறிபோயின. அவ்வருஷம் எத்தனை ஆட்டம் ஜயித்தும் புள்ளி கிடையாதென்று தீர்ப்பாயிற்று. அத்தகைய கண்டிப்பை வரவேற்கிறோம். ஆனால் நமது விதிகளின் விசித்திரத்தைப் பாருங்கள். உலகக் கோப்பை வென்ற தோனி, சர்வதேச ஆட்டம் ஆடி ஐந்து வருஷம் கடந்தார் என்பதால், நாட்டுக்காக ஒருநாளும் ஆடாதவர்களின் ஜாபிதாவில் சேர்க்கப்பட்டு ரூ. 4 கோடிக்கு நிறுத்திக் கொள்ளப்பட்டார். 2022-ல் அவருடைய ஊதியம் ரூ. 12 கோடி.

அந்த ரக்பி லீக் பிறந்ததே கூலிப் பிரச்னையால்தான். ஆட்டத்துக்காக வேலையை விட்டு வரும் ஆலை, சுரங்கத் தொழிலாளிக்கு இழந்த கூலியைத் தரலாகாதென்று மேலதிகாரிகள் பிடிவாதம் செய்ததால், 1895-ல் வட இங்கிலாந்துக் கிளப்புகள் ஹடர்ஸ்ஃபீல்டில் கூடிப் பிரிந்து போயின. ஆம்பூர் ஷூ கம்பெனியிலோ ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலையிலோ ஒருநாள் கூலியை விட்டுக் கபடி ஆடப் போகிறவனுக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. அவன் நாலு காசு கூடக் கிடைக்குமென்று வேறு தொழிற்சாலைக்குப் போனால், அவனை யாரும் துரோகி என்பதுமில்லை.

சட்டமும் இதையே சொல்கிறது. ஒப்பந்தம் முடிந்த பின்னும் ஆட்டக்காரரைக் கிளப்பு பிடித்து வைப்பது தொழிலுக்கு அநியாயத் தடை என்று ஆஸ்திரேலிய ஹைகோர்ட்டு 1971-ல் டட்டி என்னும் ரக்பி லீக் ஆட்டக்காரரின் வழக்கில் தீர்ப்பளித்தது. நமது 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவு அதைவிடக் கடுமையானது. ஜாகீர் கான் வழக்கில் 2006-ல் சுப்ரீம் கோர்ட்டு, ஒப்பந்த காலத்துக்குப் பின்னும் கட்டுப்படுத்தும் ஷரத்து செல்லாதென்றது. அவ்வழக்கு ஆட்டக்காரருக்கும் விளம்பர ஏஜென்ஸிக்கும் இடையே நடந்ததாயினும், அதன் தத்துவம் சிந்திக்கத்தக்கது.

வரம்பைக் குறிப்பவரும் போர்டார். மிச்சத்தை வாங்குபவரும் போர்டார். 2025 டிசம்பர் ஏலத்தில் ஆஸ்திரேலியரான காமரூன் கிரீனைக் கல்கத்தாக் கோஷ்டி ரூ. 25.20 கோடிக்கு எடுத்தது. அவருக்குக் கிடைப்பதோ ரூ. 18 கோடி, பாக்கி, ஆட்டக்காரர் நலத்துக்கென்று போர்டைச் சேர்கிறது. 2019-ல் ஏற்பட்ட இந்தியக் கிரிக்கெட்காரர் சங்கம் ஓய்வு பெற்றவர்களுக்கானது. இன்று ஆடுகிறவர்களுக்கும் சங்கம் வேண்டும். அதனுடன் பேசியே வரம்பு குறிக்கப்படவேண்டும். நலநிதிக் கணக்கும் அடுத்த ஏலத்துக்கு முன் வரிவரியாகப் பிரசுரமாகவேண்டும்.