சத்தம் சரியில்லை எண்டு ஆச்சியை வெட்டினம்

நெடுந்தீவில் ஒரு ஆச்சியோடு கதைத்து எடுத்த நாற்பது நிமிட வீடியோ, எங்கள் ஆவணப்படத்தின் முதல் வெட்டில் இரண்டு நிமிடமாகச் சுருங்கிக் கிடந்தது. ரொறொன்ரோவில் இருந்து எடிட் செய்யும் தம்பியிடம் காரணம் கேட்டோம். "ஒரே காத்துச் சத்தம் அண்ணை. ஆச்சி எங்கயோ தூரத்தில நிண்டு கதைக்கிற மாதிரி இருக்கு. அதுக்கு மேல பின்னணிக் குரல் போடுவம்" என்றான்.

ஆச்சியின் சேலையில் குத்தியிருந்த சின்ன மைக்கில் குரல் தெளிவாகத்தான் பதிவாகியது. ஹெட்போனில் கேட்டுக்கொண்டுதான் எடுத்தோம். பிறகு அது எங்கே போனது?

எங்கள் கமரா நான்கு ஓடியோ சனல்களைத் தனித்தனி ட்ராக்குகளாகப் பதியும். முதலாவது கமராவில் பூட்டிய மைக். இரண்டாவது ஆச்சியின் மைக். மூலக்கோப்புகளை இங்கிருந்து இணையத்தில் ஏற்றுவது நடக்கிற காரியமில்லை. அதனால் எஃப்எஃப்எம்பெக் மென்பொருளால் புரொக்சி, அதாவது எடை குறைந்த பிரதிகள், செய்து அனுப்பினோம். வேறொன்றும் சொல்லாவிட்டால் அது ஒரேயொரு ஓடியோ ட்ராக்கைத்தான் எடுக்கும். முதலாவதை எடுத்துவிட்டது. 'மேப்' கட்டளையில் எல்லா ட்ராக்கும் வேணும் எண்டு எழுதாதது எங்கட பிழை.

வெறும் மௌனமாக இருந்திருந்தால் உடனே பிடிபட்டிருக்கும். ஆனால் கமரா மைக்கில் காற்றும் ஆச்சியின் மெல்லிய குரலும் இருந்தன. அதனால் சனல் காணாமற் போனது என்று யாருக்கும் தோன்றவில்லை. பதிவு மோசம் என்றே தோன்றியது. மோசமான பதிவை யாரும் தேடிப் போவதில்லை, வெட்டிவிடுவார்கள்.

"புரொக்சி தற்காலிகம்தானே, கடைசியில் மூலக்கோப்பு வந்திடும்" என்று சொல்பவர்களோடு எங்களுக்கு உடன்பாடில்லை. எதை வைப்பது, எதை எறிவது என்ற முடிவுகள் எல்லாம் புரொக்சியைப் பார்த்துத்தான் எடுக்கப்படுகின்றன. ஒரு ட்ராக்கோடு வெட்டிய டைம்லைனில் மூலக்கோப்பை இணைத்தாலும், இரண்டாவது சனல் தானாக வந்து உட்காராது.

இடம் மிச்சம் பிடிக்கத்தான் சத்தத்தைக் குறைக்கிறோம் என்பதும் கணக்குக்கு நிற்காது. சனலுக்கு 64 கிலோபிட் வைத்தால் நான்கு சனலுக்கும் மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 115 மெகாபைட். 5 மெகாபிட் புரொக்சியின் படம் மட்டும் 2 கிகாபைட்டைத் தாண்டும். படத்தை எவ்வளவும் சுருக்குங்கோ. சத்தத்தில் கை வைக்காதேங்கோ.

இப்போது நாங்கள் மூன்று விசயம் செய்கிறோம். எந்தச் சனலில் யாருடைய குரல் என்று எழுதிய தாள் ஒன்று கோப்புகளோடு போகும். அனுப்பமுன் மீடியாஇன்ஃபோவில் மூலத்தினதும் புரொக்சியினதும் ஓடியோ ட்ராக்குகளை எண்ணிப் பார்ப்போம். எடிட் செய்பவர் "சத்தம் சரியில்லை" என்றால், எடுத்தவர் மூலக்கோப்பைத் திறந்து கேட்கும்வரை ஒன்றையும் வெட்டுவதில்லை.

திரும்ப எடுக்கலாமே என்று கேட்பீர்கள். குறிகட்டுவானில் படகேறி ஒரு மணித்தியாலம் கடலில் போனால் நெடுந்தீவு வந்துவிடும். ஆனால் ஆச்சி அதே கதையை அதே மாதிரிச் சொல்லமாட்டா. பின்னணிக் குரல் போட்டிருந்தால் தகவல் மிஞ்சியிருக்கும், நெடுந்தீவுப் பேச்சு போயிருக்கும். அவவின் குரலுக்காகத்தானே அங்கே போனோம்.

இரண்டாவது சனலைச் சேர்த்து அந்தப் பகுதியைத் திரும்ப வெட்டினோம். இப்போது ஆச்சி பதினொரு நிமிடம் கதைக்கிறா.