தாதா என்றொரு சொல்

மொழிபெயர்க்கிறவர்களின் அரை நாளைச் சில சமயம் ஒரே ஒரு சொல் தின்றுவிடும். 2024 ஜனவரியில் சீனாவிலிருந்து திரும்பிய மாலத்தீவு அதிபர் முகமது முய்ஸு, "நாங்கள் சிறியவர்களாக இருக்கலாம், அதற்காக எங்களை 'புல்லி' செய்ய யாருக்கும் உரிமம் இல்லை" என்ற பொருளில் பேசினார். எந்த நாட்டின் பெயரையும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. மார்ச்சில் நமது வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கரிடம் அதே சொல் கேள்வியாக வந்தது. அண்டை வீட்டார் சங்கடத்தில் இருக்கும்போது புல்லிகள் 450 கோடி டாலர் எடுத்துக் கொடுப்பதில்லை என்றார்.

தமிழில் என்ன போடுவது? சண்டியர், ரௌடி, அடாவடிக்காரர் எதுவும் ஒட்டவில்லை. ஆனால் மும்பைத் தமிழர்களிடம் பொருத்தமான சொல் ஒன்று தயாராக இருக்கிறது: தாதா. மராத்தியில் அதற்கு அண்ணன் என்று பொருள். சினிமா வழியாகத் தமிழ்நாட்டுக்குப் போனபோது அண்ணன் வழியிலேயே இறங்கிவிட்டான். அடியாட்களின் தலைவன் மட்டும் போய்ச் சேர்ந்தான். தாராவியிலும் மாதுங்காவிலும் இரண்டு பொருளும் இன்னும் உயிரோடு இருக்கின்றன. மாதுங்கா ரயில் நிலையத்துக்கு வெளியே வரதராஜ முதலியார் போட்ட பிள்ளையார் பந்தலுக்கு வந்தவர்களில் உதவி பெற்றவர்களும் உண்டு, பயந்தவர்களும் உண்டு. பல நேரம் இருவரும் ஒரே ஆள்தான்.

மாலத்தீவின் நிலையும் ஏறக்குறைய அதுதான். 1988 நவம்பர் 3 அன்று இலங்கைத் தமிழ் ஆயுதக் குழுவான பிளாட்டின் கூலிப்படை மாலேயைப் பிடிக்க வந்தபோது, அன்றிரவே ஆக்ராவிலிருந்து பறந்து வந்து இறங்கியது இந்தியப் படை. 2014 டிசம்பரில் மாலேயில் குடிநீர் நிலையம் எரிந்தபோது தண்ணீர் கொண்டு போனதும் நாம்தான். ஆனாலும் 2023 தேர்தலில் 'இந்தியாவே வெளியேறு' என்ற கோஷம் எடுபட்டது. அங்கே இருந்த இந்திய ராணுவத்தினர் நூறு பேர்கூட இல்லை. 2024 மே 10க்குள் அவர்களும் திரும்பிவிட்டார்கள்.

கோஷம் போட்டவர்கள் தொடாத விஷயம் ஒன்று உண்டு: சமையலறை. 1981 வர்த்தக ஒப்பந்தப்படி, நம் நாட்டில் ஏற்றுமதித் தடை இருந்தாலும் மாலத்தீவுக்கு ஒதுக்கீடு உண்டு. 2023 டிசம்பரில் வெங்காய ஏற்றுமதி தடை செய்யப்பட்டு நாசிக் விவசாயிகள் கொதித்தபோதும் மாலத்தீவுக்கு வெங்காயம் போனது. சண்டை உச்சத்திலிருந்த 2024 ஏப்ரலில் அறிவித்த ஒதுக்கீடு: 42.75 கோடி முட்டை, சுமார் 35,750 டன் வெங்காயம், 1.24 லட்சம் டன் அரிசி. மக்கள்தொகையோ சுமார் ஐந்து லட்சம். தலைக்கு எண்ணூறு முட்டைக்கு மேல்! (விடுதிகளில் வெள்ளைக்காரர்கள் தின்னும் ஆம்லெட்டும் இதில் சேர்த்தி.) பத்து லட்சம் டன் ஆற்று மணலும் பட்டியலில் இருக்கிறது. நம் ஆறுகளை நினைத்தால் இதைப் பெருந்தன்மை என்று சொல்ல நாக்கு தயங்குகிறது.

அறிவிக்கை டில்லியிலிருந்து வர வேண்டும். வராத ஓர் ஆண்டில் என்ன ஆகும் என்பது மாலேயில் அடுப்பு மூட்டும் எல்லோருக்கும் தெரியும். துருப்புகளைவிட இதுதான் பெரிய பிடி என்று நினைக்கிறேன். அதை நாம் இறுக்காமல் இருந்தது நல்ல காரியம்.

2025 ஜூலை 26 அன்று மாலத்தீவின் அறுபதாவது சுதந்திர தின விழாவில் மோடிதான் சிறப்பு விருந்தினர்; அழைத்தவர் அதே முய்ஸு. புதிதாக 4,850 கோடி ரூபாய் கடன் அறிவிக்கப்பட்டது. பழைய கடன்களின் ஆண்டுத் தவணை 5.1 கோடி டாலரிலிருந்து 2.9 கோடியாகக் குறைக்கப்பட்டது. அசல் அப்படியே நிற்கிறது.