கண்டி பார்த்த கதை

பட்டணம் பார்க்கப் போவதென்றால் கிராமத்தில் அதற்கென ஒரு சடங்கே உண்டு. முதல் நாளே சட்டை வெளுக்கப்படும்; சோற்றுப் பொதி கட்டுவதற்கு வாழையிலை வாட்டப்படும்; அயல் வீட்டார் வந்து, "அங்கிருந்து இன்னது வாங்கி வாருங்கள்" என்று பணத்தைக் கையிலே திணிப்பர். கைத்தொலைபேசியில் உலகம் முழுவதையும் பார்த்துவிடக்கூடிய இக்காலத்திலும் இச்சடங்கு மறையவில்லை. சென்ற விடுமுறையில், மாத்தளை மாவட்டத்தின் கிழக்கெல்லையிலுள்ள வில்கமுவையில் நாம் தங்கியிருந்தபோது இதனை நேரிற் கண்டோம்.

அங்கே எமக்கு மூன்று நண்பர்கள் உளர். ஒருவர் கடை வைத்திருக்கும் தமிழர். ஊரார் அவரை 'முதலாளி' என்பர். மற்றொருவர் இளைப்பாறிய தபாலதிபர்; சிங்களவரேயாயினும் எம்மினும் நன்றாகத் தமிழ்ப் பழமொழி சொல்லுபவர். மூன்றாமவர் கமக்காரர். தம் வயலை விட்டுக் கலியாண வீட்டுக்குக்கூட அரைநாளுக்கு மேல் போயறியாத மனிதர். அப்படிப்பட்டவர்தாம் ஒருநாள் மாலை திடீரென்று, "மாஸ்டர், வருகிற புதன்கிழமை நாங்கள் நாலு பேரும் கண்டிக்குப் போய் வருவோமா?" என்று கேட்டார்.

"வெள்ளிக்கிழமை போனாலென்ன?" என்றார் முதலாளி. "புதன்தான் நல்லது" என்றார் கமக்காரர். "நாள் பார்த்தீரோ?" என்று தபாலதிபர் நகைத்தார். கமக்காரர் நகைக்கவில்லை. அதனை அப்போது நாம் கவனியாதது எம் பிழையே.

விடியுமுன் பஸ் ஏறினோம். பாதையின் ஓரமாக மினிப்பே இடதுகரைக் கால்வாய் எம்மோடு கூடவே வந்தது. ஐந்தாம் நூற்றாண்டில் தாதுசேன மன்னன் கட்டியதாகச் சொல்லப்படும் மினிப்பே அணையிலிருந்து மகாவலியின் நீர் இவ்வழியேதான் வயல்களுக்குப் பாய்கிறது. ஹசலக்கையைத் தாண்டியதும் 'பதினெட்டு வளைவு' எனப் பெயர் பெற்ற மலைப்பாதை. வண்டி ஒவ்வொரு வளைவாக முக்கி முனகி ஏற, கீழே வயல்வெளி பாய் விரித்தாற்போல் விரிந்துகொண்டே போயிற்று. அரைமணி முன்பு வியர்த்த உடம்பு இப்போது சால்வையைத் தேடியது. முதலாளி கண்களை இறுக மூடிக்கொண்டு ஒவ்வொரு வளைவையும் விரல் மடக்கி எண்ணினார்.

மெதமகாநுவரைப் பக்கம் வந்ததும் தபாலதிபர் வாய் திறந்தார். கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் ஆங்கிலேயரின் படைக்கு அஞ்சி ஒளிந்திருந்து, 1815ஆம் ஆண்டு பெப்ரவரி 18ஆம் நாள் பிடிபட்டது இப்பக்கத்திலேதான். கண்ணுசாமி என்ற பிள்ளைப் பெயருடைய அம்மன்னன் தென்னிந்திய நாயக்கர் வழிவந்தவன். வேலூருக்கு நாடு கடத்தப்பட்டு 1832இல் அங்கேயே இறந்தான். "அரசனாயினும் எத்தனை நாள்தான் ஒளித்து வைக்க முடியும்?" என்று தபாலதிபர் முடித்தார். கமக்காரர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

தெல்தெனியவை அண்மியதும் விக்டோரியா நீர்த்தேக்கம் பளபளத்தது. 1985இல் திறக்கப்பட்ட அந்த அணை 122 மீற்றர் உயரம். இலங்கையில் அதனினும் உயர்ந்தது வேறில்லை. பழைய தெல்தெனிய நகரம் அந்நீரினுள்ளே கிடக்கிறது. கடுங்கோடையில் நீர் வற்றும்போது பழைய கட்டடங்களின் எச்சங்கள் தலைகாட்டுவதுண்டு.

கண்டியில் இறங்கித் தேநீர் அருந்தியபின் ஏரிக்கரையிலே நடந்தோம். முன்னர் வயலாயிருந்த இடத்தைக் கடைசி மன்னன் 1807 முதலாக ஏரியாக்கினான் என்றும், அதனை வகுத்தவர் தலதா மாளிகையின் எண்கோண மண்டபத்தைக் கட்டிய சிற்பி தேவேந்திர மூலாச்சாரியே என்றும் நாம் விளக்கினோம். ஆசிரியத் தொழிலின் பழக்கதோஷம் எங்கே விடும்? கமக்காரருக்கு உள்ளபடியே கோபம் வந்துவிட்டது. "வயலைக் குளமாக்கினானா? அதுவும் பார்ப்பதற்காக! எங்களூரில் குடிக்கத் தண்ணீர் இல்லை, மாஸ்டர்" என்றார். கால்வாயில் நீர் பெருகியோடும் ஊரிலிருந்து வந்தவர் இப்படிச் சொல்கிறாரே என்று நாம் வியந்தோம்.

பின்னர் பத்தினி தேவாலயத்தின் முன் நின்றோம். கண்ணகிக்குக் கோயில் எடுத்தபோது இலங்கைக் கயவாகு மன்னனும் அங்கிருந்தான் எனச் சிலப்பதிகாரம் கூறும். அவள் சிங்கள மக்களுக்குப் 'பத்தினி தெய்யோ' ஆகி, பெரஹரா ஊர்வலத்தில் இடம்பெறும் நான்கு தேவாலயங்களுள் ஒன்றில் வீற்றிருக்கிறாள். கமக்காரர் அங்கே நெடுநேரம் கைகூப்பி நின்றார். பிறகு, "எனக்கு ஒருவரைக் காணவேண்டியிருக்கிறது. இரண்டு மணிக்கு மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் சந்திப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு மணியாயிற்று, மூன்றும் ஆயிற்று. முதலாளி சந்தையில் வாங்கிய சாமான்களோடு நிலைகொள்ளாமல் நின்றார். மூன்றரைக்கு வந்த கமக்காரரின் ஒரு கையில் பேத்திக்கு வாங்கிய பலூன். மறு கையில் நான்காக மடித்த கடதாசி. நாம் ஏதும் கேட்கவில்லை. அவராகவே அக்கடதாசியை எம்மிடம் நீட்டினார். ஆஸ்பத்திரியின் இரத்தப் பரிசோதனைச் சீட்டு அது.

"சிறுநீரகம்" என்றார். "ஆறு மாதமாக வருகிறேன். வீட்டுக்குத் தெரியாது. பக்கத்தில் காட்டினால் ஊருக்குத் தெரிந்துவிடும். மகளுக்குச் சம்பந்தம் பேசி வருகிறோம். இன்றைக்குத்தான் டொக்டர் முடிவு சொல்வதாயிருந்தது. தனியாக வர மனம் வரவில்லை. உங்களிடம் சொல்லவும் நாக்கு எழவில்லை."

முடிவு, நல்லவேளையாக, அச்சமூட்டுவதாக இல்லை. நோய் ஆரம்ப நிலையிலேயே இருந்தது. ஆயினும் திரும்பும் வழியில் பதினெட்டு வளைவுகளையும் முதலாளி எண்ணவில்லை.

வாசகர்களே, இந்நோய் இலங்கையின் வரண்ட பிரதேசத்தில் 1990களில் கவனத்துக்கு வந்தது. நீரிழிவோ உயர் இரத்த அழுத்தமோ காரணமாகாமல், பெரும்பாலும் நடுவயதுக் கமக்காரரைப் பற்றுவது. வட மத்திய மாகாணம், கிராந்துருகோட்டை என்பவற்றோடு வில்கமுவையும் அதனால் வருந்தும் இடங்களுள் ஒன்று. கிணற்று நீரின் கடினத்தன்மை, புளோரைட்டு, பயிர் மருந்துகள், வெயிலில் நீரருந்தாது உழைத்தல் எனப் பலவற்றை ஆராய்ச்சியாளர் ஐயுறுகின்றனர். எனினும் ஒன்றே காரணமென இன்னும் நிறுவப்படவில்லை. எல் சல்வடோர், நிக்கராகுவா நாடுகளின் கரும்புத் தோட்டத் தொழிலாளரிடையேயும், ஆந்திரத்தின் உத்தானம் பகுதியிலும் இதனையொத்த நோய் உண்டு. எங்கும் வெயிலில் உடலுழைப்போரே அதன் இரையாகின்றனர்.

இதன் கொடுமை யாதெனில், தொடக்கத்தில் நோவில்லை, அடையாளமுமில்லை. இரத்தத்தையும் சிறுநீரையும் சோதித்தாலன்றி அறிய இயலாது. முற்றிய பின்னர் இரத்தச் சுத்திகரிப்போ மாற்றுச் சிறுநீரகமோதான் கதி. சீன உதவியுடன் 2021இல் பொலன்னறுவையில் இந்நோய்க்கெனப் பெரியதொரு வைத்தியசாலை திறக்கப்பட்டது. பல கிராமங்களில் நீர் சுத்திகரிக்கும் நிலையங்களும் அமைந்துள்ளன. இவையெல்லாம் இருந்தும், நோயாளி தன் நோயை மறைப்பானாயின் யாது பயன்? ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் சுத்தமான நீர், வெயிலில் ஓய்வு, வைத்தியரைக் கேளாமல் வலி மாத்திரை விழுங்காமை, இரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்தல் ஆகியவற்றால் நோயின் வேகத்தைத் தணித்தல் கூடும்.

இது தொற்றுநோயன்று. ஆயினும் 'அந்தக் குடும்பத்தில் சிறுநீரக வியாதி' என்ற ஒரு சொல் சம்பந்தத்தைக் குலைத்துவிடுமென ஒரு தகப்பன் அஞ்சுகிறான். அஞ்சி, மூன்று மலை தாண்டி ஒளிந்து மருந்தெடுக்கிறான். அவனைக் குறை சொல்வதற்கு முன் எம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்: சம்பந்தம் பேச வந்த இடத்தில் இதைக் கேள்விப்பட்டால் நாம் எழுந்து போகாமல் இருப்போமா? நாம் இக்கேள்வியைப் பலமுறை எமக்குள் கேட்டோம். உடனே விடை வரவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

பஸ்ஸில் எம் அருகே அமர்ந்திருந்த கமக்காரரிடம், "வீட்டில் சொல்லிவிடுங்கள்" என்று மட்டுமே கூறினோம். அவர் மறுமொழி சொல்லவில்லை; பலூன் நசுங்காமல் பார்த்துக்கொண்டார்.

நாம் ஊர் திரும்பிய மறுவாரம் அவரிடமிருந்து தொலைபேசி வந்தது. மனைவியிடம் சொல்லிவிட்டாராம்.

"என்ன சொன்னார்?" என்று ஆவலோடு கேட்டோம்.

"தெரியும் என்றாள், மாஸ்டர். உரம் வாங்கப் போகிறேன் என்று சொல்லிக் கண்டிக்குப் போகிற மனிதர் ஆறு மாதமாக ஒரு பை உரமாவது கொண்டுவந்தாரா என்று கேட்டாள். நானாகச் சொல்லட்டுமென்று காத்திருந்தாளாம்."

சம்பந்தம் பேசுகிறவர்களிடமும் தாமே சொல்லிவிடப் போவதாகவும், பெயர் குறிப்பிடாமல் எழுதுவதானால் இக்கதையை எழுதலாமென்றும் கூறினார். அடுத்த முறை கண்டிக்குப் போவதும் புதன்கிழமைதானாம். மனைவியும் வருகிறார், நால்வர் ஐவராகிறோம். மலையேறும்போது குளிரும், ஒரு சால்வை எடுத்து வரச் சொல்லுங்கள் என்றோம்.