ஒரே வலயம், மூன்று ஊர்: எந்த இணையவழிக் கல்வி?

மாரி மழை தொடங்கி வாவி நிரம்பினால் போதும், "வகுப்புகளை இணையவழியில் நடத்தலாமே" என்ற பேச்சும் தொடங்கிவிடுகிறது. 2024 நவம்பர் வெள்ளத்தில் உயர்தரப் பரீட்சையே இடைநிறுத்தப்பட்டது. ஆகவே பேச்சில் நியாயம் இருக்கிறது. எந்த இணையவழி என்பதைத்தான் எவரும் கேட்பதில்லை.

மட்டக்களப்பு மத்தி கல்வி வலயத்தை எடுத்துக்கொள்வோம். காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி என ஒன்றோடொன்று ஒட்டாத ஊர்கள் அதில் உள்ளன. வலயம் ஒன்று என்பதற்காகப் பிள்ளைகள் கற்கும் விதமும் ஒன்றாகிவிடாது. காத்தான்குடியில் வியாபாரம் நடக்கும் வீடுகளில் வைஃபை இருக்கிறது. வெளியூர் ஆசிரியரின் ஸூம் வகுப்புக்கு மாதக் கட்டணம் கட்டவும் முடிகிறது. (காத்தான்குடி என்றாலே பணக்காரர் என்று நினைப்பவர்கள் அங்குள்ள கூலித் தொழிலாளியின் வீட்டையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.) ஓட்டமாவடிப் பக்கம் வயலுக்கும் கடலுக்கும் போகும் பல குடும்பங்களில் இருப்பது ஒரே ஒரு ஸ்மார்ட் போன். அது வாப்பாவின் சட்டைப் பையில் போய் மஃரிபுக்குப் பிறகுதான் வீடு திரும்பும். பிற்பகல் மூன்று மணிக்கு நடக்கும் நேரடி வகுப்பு அந்தப் பிள்ளைக்கு எட்டாது. வட்ஸ்அப்பில் வந்த குரல் பதிவையும் குறிப்பையும்தான் இரவில் கேட்டுப் படிக்கலாம். இதைத்தான் நாம் "அந்த ஊரில் ஸூமுக்கு விருப்பமில்லை" என்று சொல்லிவிடுகிறோம்.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது நாட்டில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு வீட்டில்தான் கணினி இருந்தது. பதுளை மாவட்டத்தின் போஹிட்டியாவக் கிராமத்தில் பிள்ளைகள் சிக்னலுக்காக மலையுச்சிக்கு ஏறினார்கள். 2022 ஜூனில் எரிபொருள் நெருக்கடி முற்றியபோது, கொழும்பிலும் ஏனைய மாகாணங்களின் பிரதான நகரங்களிலும் பாடசாலைகளை மூடிய அரசாங்கம், கிராமப் பாடசாலைகளை இயன்றவரை திறக்கச் சொன்னது. நகரமும் கிராமமும் ஒன்றல்ல என்பதை அரசே ஏற்றுக்கொண்ட தருணம் அது. ஆனால் ஒரே நகரத்துக்குள் இருக்கும் வேறுபாடு அந்தச் சுற்றறிக்கைகளில் வராது.

ஒரு விடயத்தில் மட்டும் நமது ஊர்கள் எல்லாம் ஒத்துப்போகின்றன. பெண் பிள்ளையை இரவு டியூசனுக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோர் இணைய வகுப்பை வரவேற்கிறார்கள். அதே பெற்றோர் அவள் கையில் போனைக் கொடுக்கவும் தயங்குகிறார்கள். நானாவுக்குத் தனி போன், தங்கச்சிக்கு உம்மாவின் போன், அதுவும் சமையல் முடிந்த பிறகு. உயர்தர விஞ்ஞானப் பிரிவில் படிக்கும் ஒருத்திக்கு இந்த ஒரு மணித்தியாலம் பல்கலைக்கழக அனுமதிக்கும் வெட்டுப்புள்ளிக்கும் இடையிலான தூரமாகிவிடலாம். போனைப் பற்றிய பயம் நியாயமானதுதான். அப்படியானால் அந்தப் பயம் ஆண் பிள்ளைக்கும் பொருந்த வேண்டாமா?

அடுத்த மழைக்கு முன் வலயக் கல்வி அலுவலகம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வீட்டில் எத்தனை போன், அது எத்தனை மணிக்கு ஓய்வாக இருக்கும், எத்தனை பிள்ளைகள் அதைப் பகிர்கிறார்கள், மகளுக்கு அது கிடைக்குமா என்று ஒவ்வொரு பாடசாலையும் கேட்டுக்கொள்ளட்டும். அதைப் பார்த்து எந்த ஊருக்கு நேரடி வகுப்பு, எந்த ஊருக்குப் பதிவு செய்த பாடம் என்று தீர்மானிக்கலாம். வாவிக்கு அப்பால் படுவான்கரைப் பிள்ளைகளுக்கும் இதே சிக்கல்தான். வவுணதீவில் பதிவாகும் கணிதப் பாடம் ஓட்டமாவடிக்கும் உதவும். வகுப்பாசிரியர் ஒருவர் ஒரே நாளில் ஒரு தாளில் எடுத்து முடிக்கக்கூடிய கணக்குத்தான் இது.