பாண் மாவும் கச்சான் காற்றும்

பாண் சுடுதல் போறணைக்காரருக்கே உரிய வித்தை என்று நாம் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். 2022ஆம் ஆண்டில் பாண் விலை ஏறியபோது வீட்டிலேயே முயன்றோம். குளிர்நாட்டுச் சமையல் நூலொன்று இரண்டு மணி நேரம் பொங்கவிடச் சொல்லிற்று, அவ்வாறே செய்தோம். வாழைச்சேனையின் கச்சான் வெக்கையில் மா பொங்கித் தளர்ந்து, புளித்தே போயிற்று. அரைக் கிலோ மா வீண்!

பிழை மாவினதன்று, மணிக்கூட்டை நம்பிய நம்முடையதே. ஈஸ்ட் ஒரு நுண்ணுயிர். வெப்பம் மிகுந்தால் விரைந்து வேலை செய்யும். அப்பத்துக்குக் கள் விட்டு மா புளிக்கவைத்த நம் பாட்டிமார் இதனை நன்கறிவர்.

அரைக் கிலோ கோதுமை மாவுக்கு 5 கிராம் உலர்ந்த ஈஸ்ட், 9 கிராம் உப்பு, ஏறக்குறைய 300 மில்லிலீற்றர் குளிர்ந்த தண்ணீர் போதும். உள்ளங்கையால் அழுத்தித் தள்ளி, மடித்து, 10 நிமிடம் குழையுங்கள். சிறு துண்டொன்றை இழுத்தால் கிழியாது மெல்லிய சவ்வாக விரிய வேண்டும்; அதுவே பதம். கச்சான் மேற்பரப்பை உலர்த்திவிடுமாதலால் ஈரத்துணியால் மூடுங்கள். மாரியிலோ மா ஈரம் பிடித்திருக்கும். தண்ணீரைச் சற்றுக் குறையுங்கள்.

மா இருமடங்கானதும் காற்றை அமுக்கி, உருட்டித் தட்டிலிட்டு மீண்டும் பொங்கவிடுங்கள். பின்னர் விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். குழி உடனே மீண்டால் இன்னும் பொறுத்தல் வேண்டும். மெதுவாக மீண்டால் போறணைக்குள் வைக்கலாம். மீளாது கிடந்தால் காலம் கடந்துவிட்டது.

அப்போதும் வீசிவிட வேண்டாம். அம்மாவை மீண்டும் பிசைந்து, ரொட்டியாகத் தட்டிச் சுட்டால் பிள்ளைகள் விரும்பி உண்பர். இதனை நாம் பிந்தியே அறிந்தோம்; நீங்கள் முந்தியே அறிந்துகொள்ளுங்கள்.