பொக்கிஷம் தேடும் பிள்ளைகள்



ஆலை வேலைக்கும் கணினி வேலைக்குமாக மைசூரின் ஹெப்பாளில் வந்து குடியேறியிருக்கும் நம் குடும்பங்களில், பிறந்தநாள் நெருங்கும்போது இப்பொழுது ஒரு புதிய கேள்வி எழும்புகிறது: “அப்பா, இந்த வருஷம் கடற்கொள்ளையர் விருந்து வைக்கலாமா?” கடலோ ஹெப்பாளிலிருந்து சாலை வழியே 150 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. ஆயினும் மண்டையோட்டுக் கொடியும், ஒரு கண்ணை மறைக்கும் கறுப்புத் துணியும், பொக்கிஷப் பெட்டியும் பிள்ளைகளுக்கு வேண்டும். கொள்ளையனைக் கொண்டாடலாமா என்று தயங்குகிற பெற்றோர் உண்டு. கேட்டதையெல்லாம் வாங்கிக் கொடுத்துவிட்டு மாதக் கடைசியில் கடன் கேட்கிறவர்களும் உண்டு. இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு நல்ல வழி இருக்கிறது.

பிள்ளைகள் அறிந்த கடற்கொள்ளையன் பெரும்பாலும் ஒரு கதைப்புத்தகத்திலிருந்து வந்தவன். ஸ்காட்லாந்து எழுத்தாளர் ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன், 1881ஆம் ஆண்டு ஒரு விடுமுறைக் காலத்தில், தம் மனைவியின் மகனாகிய சிறுவனோடு சேர்ந்து ஒரு தீவின் வரைபடத்தைத் தீட்டினார். அந்தப் படத்திலிருந்தே ‘புதையல் தீவு’ என்னும் கதை பிறந்து, 1883இல் நூலாயிற்று. தோளில் கிளியோடு நிற்கும் ஒற்றைக்கால் மாலுமியை உலகம் அறிந்தது அதனாலேயே. ஆக, இவ்விளையாட்டின் தொடக்கம் ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் ஒரே மேசையில் அமர்ந்திருந்ததே.

மெய்யான கொள்ளையோ வேறு. மைசூரிலிருந்து மேற்கே மலையிறங்கினால் வருவது மலபார்க் கடல். அக்கரையோரமாய், கொச்சிக்கு அப்பால், 1698 ஜனவரியில் வில்லியம் கிட் என்பவர் ‘கெடா மெர்ச்சன்ட்’ என்னும் வணிகக் கப்பலைப் பிடித்தார். பட்டும் பருத்தித் துணியும் சர்க்கரையும் அதில் இருந்தன. கொள்ளையரைப் பிடிக்கும்படி இங்கிலாந்திலிருந்து அனுப்பப்பட்டவரே இவர் என்பது வேதனை! கொள்ளைப்பொருளில் ஒரு பங்கை 1699இல் நியூயார்க்குக்கு அருகே கார்டினர்ஸ் தீவில் புதைத்தார். அதிகாரிகள் தோண்டி எடுத்தார்கள். 1701இல் லண்டனில் அவர் தூக்கிலிடப்பட்டார்.

இது பழங்கதை மட்டுமல்ல. 2010 செப்டம்பரில் சோமாலியக் கொள்ளையர் ‘அஸ்பால்ட் வென்ச்சர்’ கப்பலைப் பிடித்தார்கள். மீட்புப்பணம் பெற்ற பின்பும் ஏழு இந்திய மாலுமிகளை 2014 அக்டோபர் வரை விடுவிக்கவில்லை. 2024 மார்ச்சில் நம் கடற்படை ‘ரூயன்’ என்னும் கப்பலை மீட்டு, 17 மாலுமிகளைக் காப்பாற்றி, 35 கொள்ளையரைச் சிறைப்பிடித்தது. தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து கப்பல் வேலைக்குப் போகிற தகப்பன்மார் அநேகர். உங்கள் விருந்துக்கு வரும் ஒரு பிள்ளையின் தகப்பன் இந்நேரம் கடலில் இருக்கக்கூடும். அப்பிள்ளையின் முன்பாக, கப்பலைப் பிடித்து ஆட்களைக் கட்டிவைக்கும் விளையாட்டு வேண்டாம்.

அப்படியானால் விருந்தே வேண்டாமா? வேண்டும். கொள்ளையை விட்டுவிட்டுத் தேடலை வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைத் தாளைத் தேயிலைச் சாற்றில் நனைத்து உலர்த்தினால் பழைய வரைபடம்போல் ஆகிவிடும். அதில் உங்கள் தெருவையோ குடியிருப்பையோ பிள்ளையோடு சேர்ந்து வரையுங்கள். படத்தை மூன்றாகக் கிழித்து, பன்னிரண்டு பிள்ளைகளை நால்வர் கொண்ட மூன்று குழுக்களாக்கி, ஆளுக்கொரு துண்டு அல்ல, குழுவுக்கு ஒரு துண்டு கொடுங்கள். மூன்று துண்டுகளும் சேர்ந்தாலொழியப் பெட்டி இருக்கும் இடம் தெரியக்கூடாது. ஒரு குழுவைத் தோற்கடித்து மற்றொன்று வெல்ல இங்கே வழியில்லை.

குறிப்புச் சீட்டுகள் ஆறு போதும். ஒவ்வொரு சீட்டிலும் பாதியைத் தமிழிலும் பாதியைக் கன்னடத்திலும் எழுதுங்கள். கன்னடம் எழுதத் தெரியாவிட்டால் அடுத்த வீட்டாரிடம் கேட்டு எழுதுங்கள். அதுவே அவர்களை அழைப்பதற்கும் நல்ல சமயம். பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் படித்து, தாய்மொழியை எழுத்துக்கூட்ட முடியாமல் வளரும் நம் பிள்ளை அன்று தமிழ் எழுத்தைத் தேடிப் படிப்பான். தமிழ் அறியாத அயல்வீட்டுப் பிள்ளையின் உதவி அவனுக்கும், அவனுடைய உதவி அப்பிள்ளைக்கும் தேவைப்படும்.

தொப்பிக்குப் பழைய செய்தித்தாள், பெட்டிக்கு மளிகைக் கடை அட்டைப்பெட்டி, பொக்கிஷத்துக்குக் கடலை மிட்டாயும் பென்சிலும் போதுமானவை. வேர்க்கடலை ஒவ்வாத பிள்ளை உண்டா என்று முன்னதாகவே விசாரியுங்கள். எல்லாவற்றையும் பெயர் எழுதிய சம அளவுப் பொட்டலங்களாகக் கட்டுங்கள். இல்லையேல் பெட்டி திறந்தவுடன் பலமுள்ளவன் அள்ளுவான், சிறியவள் அழுவாள். ஒரு கண்ணை மூடினால் படியின் ஆழம் சரியாய்த் தெரியாது; ஆகவே அந்தக் கறுப்புத் துணி படம் எடுக்கும்வரை மட்டும் இருக்கட்டும். நிகழ்ச்சியை அலங்காரக்காரரிடம் ஒப்படைத்தால் பணம் செலவாகும். பிள்ளையோடு அமர்ந்து வரையும் அந்த ஒரு மாலை வேளையும் கைநழுவிப் போகும்.

பெட்டியில் இரண்டு பொட்டலங்களை அதிகமாக வையுங்கள். பெயரில்லாத அவற்றை யாருக்குக் கொடுப்பது என்று பிள்ளைகளே கூடிப் பேசித் தீர்மானிக்கட்டும். வாசலில் நிற்கும் காவலாளிக்கா, காய்ச்சலால் வர முடியாமற்போன தோழனுக்கா? கண்டெடுத்ததைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்த பின்பு கேக் வெட்டுங்கள்.